காசு கொடுத்து வாங்கிய கார் பார்க்கிங் உண்மையில் யாருக்குச் சொந்தம்? அப்பார்ட்மென்ட் சண்டைகளும் சட்டமும்

சென்னையில் ஏதாவது ஒரு அப்பார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பழைய மெசேஜ்களைத் தள்ளிப் பாருங்கள். தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், மெயின்டனன்ஸ் பாக்கி இதற்கெல்லாம் நடுவே ஒரே மாதிரி போட்டோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். கோட்டைத் தாண்டி நிற்கும் ஒரு காரின் பின்பக்கம், நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும்படி. கீழே, "யாருங்க இது? என் ஸ்லாட்ல நிக்குது, உடனே எடுங்க." அதற்குக் கீழே நான்கு பேர் கட்டைவிரல், இரண்டு பேர் கோபம். வண்டிக்காரர் மட்டும் பதில் போட மாட்டார்.

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் 20 வருட இ.எம்.ஐ போட்டு வீடு வாங்கியவருக்கு இது வேடிக்கை இல்லை. பக்கத்து வீட்டுக்காரருடன் பேச்சு நின்று போவது, டயரில் காற்று இறக்கப்படுவது, ஸ்டேஷனில் புகார், கடைசியில் "வித்துட்டுப் போயிடலாம்" என்ற முடிவு வரை போகிறது. இத்தனைக்கும் நடுவே பலரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அந்த ஸ்லாட் சட்டப்படி என்ன பொருள்?

வாங்கியது இடமா, அனுமதியா?

ஒரு ஃபிளாட் வாங்கும்போது பத்திரத்தில் பதிவாவது இரண்டு விஷயம். ஒன்று, வீட்டின் பரப்பு. இன்னொன்று, மனையில் பிரிக்கப்படாத பங்கு. எல்லோரும் யு.டி.எஸ் என்று சொல்கிறார்களே, அதுதான். கார் பார்க்கிங் இதில் எங்கேயும் தனிச் சொத்தாக வராது. பில்டர் கொடுக்கும் விலைப்பட்டியலில் மட்டும் "கவர்டு கார் பார்க்" என்று ஒரு வரி, பக்கத்தில் சில லட்சங்கள்.

அப்படித் தனியாக விற்கலாமா என்ற கேள்வி மும்பையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தஹிசரில் கட்டப்பட்ட ஒரு குடியிருப்பு. தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே 25 கார் நிறுத்தும் இடங்கள். அவை தனக்குச் சொந்தம், யாருக்கு வேண்டுமானாலும் விற்பேன் என்றது கட்டிய நிறுவனம். நஹல்சந்த் லாலுசந்த் எதிர் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் என்ற அந்த வழக்கில் 2010 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஸ்டில்ட் பார்க்கிங் என்பது 'ஃபிளாட்' அல்ல, 'கராஜ்' அல்ல, அது கட்டடத்தின் பொது இடம், அதைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை என்று நீதிபதிகள் ஆர்.எம்.லோதா, ஏ.கே.பட்நாயக் அமர்வு சொன்னது. இந்தத் தீர்ப்பு மகாராஷ்டிராவின் 1963-ம் வருடச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டது. அதனால் தமிழ்நாட்டுக்கு வரிக்கு வரி அப்படியே பொருத்திவிட முடியாது.

அடுத்து வந்தது 2016 ரெரா சட்டம். இது நாடு முழுவதற்கும் பொருந்தும். இதில் 'கராஜ்' என்றால் மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் இருக்க வேண்டும். திறந்தவெளி பார்க்கிங் பொது இடங்களின் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பேஸ்மென்ட், மொட்டைமாடி, பூங்கா எல்லாம் அதே பட்டியலில்தான். ஆக, வெயிலில் கோடு போட்டு நம்பர் எழுதி உங்களிடம் காசு வாங்கியிருந்தால் அந்தக் காசுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

சிக்கல் ஸ்டில்ட்டில்தான். மேலே கூரை உண்டு, சுற்றிலும் சுவர் இல்லை. அது கராஜும் ஆகவில்லை, திறந்தவெளியும் ஆகவில்லை. நடைமுறையில் பில்டர்கள் இப்போது 'விற்பனை' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு 'ஒதுக்கீடு' என்று எழுதுகிறார்கள். வாங்கியவர் கையில் இருப்பது அந்த வீட்டோடு ஒட்டிய பயன்பாட்டு உரிமை என்று புரிந்துகொள்வதுதான் பாதுகாப்பு. வீட்டை விற்றால் அதுவும் கூடவே போகும். "எனக்கு கார் இல்லை, எதிர் கடைக்காரருக்கு ஸ்லாட்டை மட்டும் வித்துட்டேன்" என்பது எடுபடாது. வெளியாளுக்கு மாத வாடகைக்கு விடுவதிலும் இதே தகராறு வரும். ஏனென்றால் கேட்டுக்குள் யார் வரலாம் என்பது உங்கள் ஒருவர் விஷயம் இல்லை.

2.5 மீட்டருக்குள் ஒரு இன்னோவா

சண்டைக்குப் பாதிக் காரணம் மனிதர்கள் என்றால் மீதிப் பாதிக்குக் காரணம் டேப் அளவு. இங்கே ஒரு கார் நிறுத்த வழக்கமாகக் கணக்கிடும் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஒரு ஆல்டோவின் அகலம் சுமார் 1.5 மீட்டர். அதை நிறுத்தினால் இரண்டு பக்கமும் அரை மீட்டர் மிஞ்சும், ஒரு தாத்தாகூடக் கதவைத் திறந்து இறங்கிவிடலாம். அதே இடத்தில் இன்னோவா கிரிஸ்டா நின்றால்? அதன் அகலம் 1.83 மீட்டர். ஒரு பக்கத்துக்கு ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல். வயிற்றை எக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். நடுவில் ஒரு தூண் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. பக்கத்துக் காரின் கதவில் விழும் கீறல் எல்லாம் இந்த ஓர் அடியில்தான் பிறக்கிறது.

கார் மாறிவிட்டது, கோடு மாறவில்லை. 1980, 90-களில் தி.நகர், அடையாறு, அண்ணா நகர் பக்கம் கட்டிய சின்ன பிளாக்குகளில் எட்டு வீட்டுக்கு நான்கு கார் நிற்கும் அளவு இடம் இருந்தால் அதுவே பெரிது. அன்று அது போதும்; வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர்தான் இருந்தது. இன்று கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, காலேஜ் போகும் பையனுக்கு புல்லட். 'முதலில் வருபவருக்கு முதலிடம்' என்று ஆரம்பித்த ஏற்பாடு, இரவு ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு 'கடைசியில் வருபவருக்குத் தெரு' என்று முடிகிறது.

புது கட்டடங்களில் வேறு வகை வில்லங்கம். ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தும் பேக் டு பேக் ஸ்லாட். உள்ளே இருக்கும் கார் வெளியே வர, முன்னால் நிற்பவர் எழுந்து வந்து நகர்த்த வேண்டும். இரண்டு ஸ்லாட்டும் ஒரே வீட்டுக்கு என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு வேறு வீடுகளுக்குக் கொடுத்திருந்தால், காலை ஐந்து மணி ஃபிளைட்டும் மதியம்வரை தூங்கும் நைட் ஷிஃப்ட்டும் தினம் மோதும். சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்து வைக்கலாம்தான். கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்ற அடுத்த சண்டைக்கு அது முன்னுரை.

சென்னைக்கே உரிய ஒன்று, சம்ப் மூடி. தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி மேலேயே ஸ்லாட் வரைந்திருப்பார்கள். விடியற்காலையில் லாரி வந்து ஹாரன் அடிக்கும்போது அந்த ஸ்லாட்காரர் கீழே வந்து காரை எடுத்தால்தான் மொத்த பிளாக்குக்கும் தண்ணீர். அவர் ஊருக்குப் போயிருந்தால் முடிந்தது கதை. இன்னொன்று, மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஸ்டில்ட்டில் நின்ற கார்கள் முழுகியதைப் பார்த்த ஊர் இது. அதற்குப் பிறகு மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுகின்றன. பள்ளமான மூலையில் ஸ்லாட் வந்தவர் மட்டும் எப்போதும் நனைவது நியாயமா, மழைக்காலத்தில் மேடான விசிட்டர் இடத்தை அவருக்குத் தரலாமா என்பதை எத்தனை சங்கங்கள் யோசித்திருக்கும்? இந்த மாதிரி விஷயம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது. பொதுக்குழுவில் பேசித்தான் எழுத வேண்டும்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது இ.வி சார்ஜர். மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலின்படி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பிலிருந்தே வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம். ஆனால் நான்காவது மாடி மீட்டரிலிருந்து கீழே ஸ்லாட் வரை கேபிள் போவது பொதுச் சுவர் வழியாக. "தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது" என்று சங்கம் பயப்படுகிறது. பயம் நியாயமானதுதான். அதற்குப் பதில் மொத்தமாக மறுப்பது அல்ல. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன், தனி பிரேக்கர், எழுத்து மூலம் அனுமதி என்று நிபந்தனை போடுவதுதான் பதில்.

கேட்டுக்கு வெளியே: பூந்தொட்டி ராஜ்ஜியம்

உள்ளே இடம் இல்லாதவர் தெருவுக்கு வருகிறார். அங்கே ஏற்கெனவே செங்கல், உடைந்த நாற்காலி, சிமென்ட் தொட்டியில் ஒரு குரோட்டன்ஸ். கூடவே "இங்கே வண்டியை நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்" என்று கையெழுத்தில் ஒரு போர்டு.

வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு வீட்டுக்காரருடையது அல்ல. அதில் தொட்டி வைத்து இடம் பிடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம், உங்கள் கேட்டை மறித்து யாரும் நிறுத்தவும் கூடாது. ஒரு சொத்தின் நுழைவாயில் முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது என்று 2017-ம் வருட மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை சொல்கிறது. மறித்து நிற்கும் வண்டியை அகற்றுவது போலீஸ் வேலை. காற்றைப் பிடுங்குவதும் கண்ணாடியைக் கீறுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவில், அதாவது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றத்தில் கொண்டுபோய் விடலாம். தப்பு முதலில் அவருடையதாக இருந்தாலும், சி.சி.டி.வி-யில் ஆணியோடு சிக்குபவர் நீங்கள் என்றால் கேஸ் உங்கள் மேல்தான்.

சில சங்கங்கள் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுகின்றன. இதில் இங்கிலாந்து ஒரு நல்ல உதாரணம். தனியார் நிலத்தில் நிற்கும் வண்டிக்கு அனுமதியில்லாமல் பூட்டுப் போடுவதே 2012 அக்டோபர் முதல் இங்கிலாந்து, வேல்ஸில் குற்றம். அதற்குப் பதில் நோட்டீஸ் ஒட்டிக் கட்டணம் கேட்கிறார்கள். இங்கேயும் பைலாவில் எழுதி, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, அபராதத்தை மெயின்டனன்ஸ் பில்லில் சேர்ப்பது பூட்டைவிட அபாயம் குறைவான வழி. பூட்டிய வண்டியில் ஒரு நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்தாலே போதும்.

இன்னொரு தகவல், லேஅவுட்டில் மனை வாங்கியவர்களுக்கு. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் போய்விடுகின்றன. 'கேட்டட் கம்யூனிட்டி' என்று விளம்பரம் செய்திருந்தாலும் அந்தச் சாலை பொதுச் சாலைதான். ஆர்ச் கட்டி, கேட் போட்டு, "வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை" என்று எழுதினால் கேள்வி வரும்.

லண்டன் தோட்டமும் உங்கள் பைலாவும்

பார்க்கிங் மட்டுமா? பால்கனியில் துணி காயப்போடக் கூடாது, வாசலில் செருப்பு ஸ்டாண்ட் கூடாது, நாய் கூடாது, பேச்சிலர் கூடாது, அசைவம் கூடாது. இப்படி 'கூடாது' பட்டியல் நீளமாகவே இருக்கும். இதில் எது செல்லும்?

சொத்தை விற்ற பிறகும் அதன் பயன்பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு போட முடியுமா என்ற கேள்விக்கு 1848-ல் லண்டனில் ஒரு பதில் வந்தது. டல்க் என்பவர் லெஸ்டர் ஸ்கொயர் தோட்டத்தை 1808-ல் விற்றார். இதைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும், கட்டடம் கட்டக் கூடாது என்பது நிபந்தனை. நிலம் கைமாறி மோக்ஸே என்பவரிடம் வந்தது. நிபந்தனை தெரிந்தேதான் வாங்கினார், ஆனால் "நான் கையெழுத்துப் போடவில்லையே" என்றார். தெரிந்து வாங்கினால் அந்த நிபந்தனை உன்னையும் கட்டும் என்றது நீதிமன்றம். நம்முடைய 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-வது பிரிவில் இந்தக் கருத்தின் சாயலைப் பார்க்கலாம். இரண்டாவது கையாக ஃபிளாட் வாங்குபவர்கள் "அந்த ரூல் பழைய ஓனருக்குத்தான்" என்று தப்பிக்க முடியாமல் போவது இதனால்தான்.

அதற்காக எதை வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. சொத்தை விற்கவே கூடாது என்று முழுத்தடை போடும் நிபந்தனை அதே சட்டத்தின் 10-வது பிரிவின்படி செல்லாது. நாய், பூனை விஷயத்தில் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. பெரும்பான்மை ஓட்டு போட்டாலும் செல்லப்பிராணிகளுக்கு ஒட்டுமொத்தத் தடை போட முடியாது. சுத்தம் செய்யாததைக் கேள்வி கேட்கலாம், வளர்ப்பதையே தடுக்க முடியாது.

ஆனால் எல்லாத் தீர்ப்பும் தனிமனிதர் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று வைத்திருந்த ஒரு கூட்டுறவு வீட்டுவசதி சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005-ல் ஏற்றுக்கொண்டது. தாமாக ஒன்று சேர்ந்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி அது என்பது நீதிமன்றத்தின் பார்வை. பலருக்கு இன்றும் உறுத்தும் தீர்ப்பு. "சைவம் மட்டும்" என்று எழுதிவைத்துக்கொண்டு வாடகைக்கு வருபவரின் சாதியையும் மதத்தையும் எடைபோடுபவர்களுக்கு, சங்கத்தின் சுதந்திரம் என்ற இந்த வாதம் நல்ல மறைவிடமாகிவிடுகிறது.

புகாரை யாரிடம் கொண்டுபோவது?

எதிராளி யார் என்பதைப் பொறுத்தது. பில்டர் ஒரே ஸ்லாட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாரா, விசிட்டர் இடத்தில் கோடு போட்டு விற்றுவிட்டாரா? ரெராவில் பதிவான திட்டம் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம், நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அனுமதி பெற்ற வரைபடத்தில் பொது இடங்களை மாற்ற வேண்டுமென்றால் வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை என்று ரெரா சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. அந்தச் சம்மதம் இல்லாமல் விசிட்டர் பார்க்கிங் மாயமாகியிருந்தால் உங்கள் கையில் வலுவான கேஸ் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர்தான் எதிராளி என்றால் வழி கொஞ்சம் நீளம். ஸ்டேஷனில் பெரும்பாலும் "சிவில் மேட்டர், உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கோங்க" என்பார்கள். முதலில் சங்கத்துக்கு எழுத்தில் புகார். வாட்ஸ்அப் மெசேஜ் போதாது, தேதியோடு ஒரு இமெயிலாவது வேண்டும். தமிழ்நாட்டில் பல சங்கங்கள் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. பைலா பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பாதிச் சண்டையில் இரண்டு தரப்பும் அதைப் பார்த்ததே இல்லை என்பது தெரியவரும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றம். ஆனால் வழக்குக்கு முந்தைய கட்டத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் லோக் அதாலத்தை நாடலாம், நீதிமன்றக் கட்டணம் இல்லை. தினம் லிஃப்ட்டில் முகம் பார்க்க வேண்டியவர் மேல் வருடக்கணக்கில் கேஸ் நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்லாட் ஓனருடையது. அதை உங்களுக்குத் தருகிறாரா என்பது வாடகை ஒப்பந்தத்தில் நம்பரோடு இல்லையென்றால், "டெனன்ட்டுக்கெல்லாம் பார்க்கிங் கிடையாது" என்று செக்ரட்டரி சொல்லும்போது காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

கையெழுத்துக்கு முன்னால்

வீடு பார்க்கப் போகும்போது கிச்சன் அளவைப் பார்ப்பவர்கள் ஸ்லாட்டை அளப்பதில்லை. டேப் கொண்டு போங்கள், முடிந்தால் உங்கள் காரையே உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். சி.எம்.டி.ஏ அல்லது டி.டி.சி.பி அனுமதி வரைபடத்தில் எத்தனை ஸ்லாட் என்று எண்ணி, தரையில் வரைந்திருப்பதோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் 40, தரையில் 46 என்றால் அந்த ஆறும் எங்கிருந்து வந்தது? தீயணைப்பு வண்டி திரும்ப விட்ட இடத்திலிருந்தா, ஆம்புலன்ஸ் வரும் வழியிலிருந்தா? ஒப்பந்தத்தில் "ஒரு கார் பார்க்கிங்" என்று மொட்டையாக எழுதினால் ஏற்காதீர்கள். நம்பரும், அளவும், எந்த இடம் என்று காட்டும் வரைபடமும் இணைப்பாக இருக்க வேண்டும். கட்டி முடித்த சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் வரைபடங்களையும் ஆவணங்களையும் பில்டர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ரெரா சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. ஒதுக்கீட்டுப் பட்டியலையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பழைய பிளாக்குகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்கிறது அது. எட்டு வீடு, நான்கு ஸ்லாட் என்று முப்பது வருடமாக முட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் இப்போது அந்தப் பேச்சு நடக்கிறது. யாருக்கு எத்தனை சதுர அடி கூடுதலாகக் கிடைக்கும் என்பதைப் பேசி முடிக்கும் அதே கூட்டத்தில், எந்த வீட்டுக்கு எந்த ஸ்லாட் என்பதையும் வரைபடத்தில் குறித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். சாவி வாங்கும் நாளுக்குத் தள்ளிவைத்தால் அந்தப் புதுக் கட்டடத்தின் முதல் வாட்ஸ்அப் போட்டோ எதுவாக இருக்கும் என்பது தெரிந்ததே.